ஒரே டப்பாவில் இரண்டு பேர் மாத்திரை

நம் தோல் ஆராய்ச்சி மையத்துக்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு முன்னால் நின்று பேசச் சொன்னார் டாக்டர். நாலு பேர் என் முகத்தைப் பார்த்தால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். "அப்ப எழுதிக் குடுத்துடுங்க, நான் படிக்கச் சொல்றேன்" என்றார். அதனால் எழுதுகிறேன். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். பிழை இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள். முழங்கால் வலியால் இனி வீடு வீடாக நடக்க முடியாது என்று வேலையை விடுகிறேன். மற்றபடி இந்த வேலையில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

மருந்து உடம்புக்குள் என்ன செய்கிறது, ரத்தம் எப்படி எடுப்பது என்பதெல்லாம் பயிற்சியில் சொல்லிக் கொடுப்பார்கள். நான் அதைத் தொடப்போவதில்லை.

உங்களுக்கு முதலில் வரப்போகும் வேலை எனக்குத் தெரியும். சொரியாசிஸ் என்ற செதில் நோய் உள்ளவர்கள் வீட்டுக்குப் போய், "வாயால் சாப்பிடும் மாத்திரைகளைப் பற்றி இனிமேல் என்னென்ன ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்டு வர வேண்டும். எனக்கும் அதே வேலையைக் கொடுத்தார்கள். முதல் நாள் ஆர்.கே.பேட்டை பக்கம் ஒரு வீட்டில் போய் அந்த வாக்கியத்தை அப்படியே ஒப்பித்தேன். அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்து, "இன்னாம்மா, பரீட்சை எழுதறியா?" என்று கேட்டுவிட்டு மோர் கொடுத்தார். நான் கிளம்பி வாசலில் செருப்பை மாட்டும்போதுதான் பின்னாலேயே வந்து மெதுவாகக் கேட்டார்:

"எம் பொண்ணுக்கும் இது கீது. கல்யாணத்துக்குப் பாத்துகினு கீறோம். இந்த மாத்திரைய துன்னுகினே புள்ள பெத்துக்கலாமா?"

டாக்டரிடம் போய்ச் சொன்னேன். "இதுதாம்மா ஆராய்ச்சிக் கேள்வி. இதுக்கு இன்னும் சில மாத்திரைங்க விஷயத்துல சரியான பதில் இல்ல" என்றார். அன்றிலிருந்து நான் செருப்பு மாட்டுவதற்கு நிறைய நேரம் எடுத்துக்கொள்வேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். நல்லாயிட்டா மாத்திரையை நிறுத்தலாமா, நிறுத்தினால் எத்தனை நாளில் திரும்ப வரும், கிருத்திகை விரதத்தன்று மாத்திரை போட்டால் விரதம் முறியுமா, மூட்டு வலிக்கும் சேர்த்துக் கேட்குமா, பத்து வருஷம் சாப்பிட்டால் ஈரல் என்ன ஆகும்? இத்தனையும் எனக்கு வாசலில் கிடைத்தவைதான்.

ஆனால் எனக்குக் கிடைத்ததிலேயே பெரிய கேள்வியை யாரும் வாயால் கேட்கவில்லை. இரண்டு பேர் அதைச் செய்து காட்டினார்கள். அதைத்தான் சொல்ல வந்தேன்.

அப்போது எங்கள் மையத்தில் ஒரு புது மாத்திரையைப் பரிசோதித்துக்கொண்டிருந்தோம். சேர்ந்தவர்களில் பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை. மீதிப் பேருக்கு அதே நிறத்தில், அதே அளவில், உள்ளே மருந்தில்லாத மாத்திரை. எங்கள் ஊரில் அதை டம்மி என்பார்கள். யாருக்கு எது என்று அவர்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. முதல் கட்டம் முடிந்த பிறகு எல்லோருக்கும் நிஜ மாத்திரை உண்டு. இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லி, சம்மதம் வாங்கித்தான் சேர்த்தோம்.

தேசப்பன் என்று ஒருவர் சேர்ந்தார். விசைத்தறி ஓட்டுபவர். கை, முழங்கை, முதுகு, தலை என்று எல்லா இடத்திலும் வெள்ளைச் செதிலாக இருக்கும். ஆனாலும் சிரித்த முகம். அவர் தங்கையைக் கே.ஜி.கண்டிகையில் கொடுத்திருந்தது. தங்கை பையனுக்குத் திருத்தணி மலைமேல் மொட்டை போட்டுக் காது குத்த நாள் குறித்திருந்தார்கள். உங்களுக்குத் தெரியாததில்லை, குழந்தை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். தங்கையின் மாமியார், "அவன் மடியில வேணாம். கொழந்தைக்குத் தொத்திகினா இன்னா பண்றது? வேற மொற மாமன் யாருனா இருந்தா பாருங்க" என்று சொல்லிவிட்டார். தங்கை போனில் அழுதாளாம். தேசப்பன் ஆராய்ச்சியில் சேர்ந்ததே அந்த மடிக்காகத்தான்.

அதே சமயத்தில் சேர்ந்தவர் முனுசாமி. மலையடிவாரத்தில் பூக்கடை வைத்திருப்பவர், தேசப்பனைவிடக் கொஞ்சம் மூத்தவர். மையத்தில் பெஞ்சில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து இருவரும் சிநேகிதமாகிவிட்டார்கள்.

கொஞ்ச நாளில் முனுசாமிக்கு உடம்பு பளிச்சென்று ஆனது. அரைக்கை சட்டை போட்டுக்கொண்டு வந்து எல்லோருக்கும் முழங்கையைக் காட்டினார். தேசப்பனுக்கு ஒன்றும் மாறவில்லை. காது குத்தும் நாளோ முதல் கட்டம் முடிவதற்கு முன்னாலேயே வந்தது.

"எனக்கு டம்மிதான் எக்கா" என்றார் என்னிடம்.

"எனக்குத் தெரியாதுப்பா."

"டாக்டருக்கு?"

"அவங்களுக்கும் தெரியாது."

"அப்ப யாருக்குத்தான் தெரியும்?"

"ஏதோ கம்ப்யூட்டருக்குத் தெரியுமாம்."

"அது எந்த ஊர்ல கீதுன்னு சொல்லு, நான் போய் கால்ல உழறேன்."

அதற்குப் பிறகு தேசப்பன் அதைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டார். முன்பைவிட நன்றாகவே சிரித்தார். அது எனக்குச் சரியாகப் படவில்லை. ஓயாமல் புலம்பிய ஆள் திடீரென்று அமைதியானால் சந்தோஷப்பட்டுவிடாதீர்கள், போய்ப் பாருங்கள்.

ஒரு நாள் காலையில் முனுசாமியைப் பார்க்கப் பூக்கடைக்குப் போனேன். அப்போதுதான் சாமந்தி மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கடைக்குள்ளே தேசப்பன் உட்கார்ந்திருந்தார். அந்நேரத்துக்கு அவர் தறியில் இருக்க வேண்டிய ஆள். இருவருக்கும் நடுவில் ஒரு காப்பித்தூள் டப்பா. முனுசாமி மலைப் பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக் கும்பிட்டு, டப்பாவைக் குலுக்கி, உள்ளே கையை விட்டு ஒரு மாத்திரையை எடுத்துத் தேசப்பனுக்குக் கொடுத்தார். பிறகு தேசப்பன் குலுக்கி முனுசாமிக்கு ஒன்று எடுத்துக் கொடுத்தார். கோயில் தீர்த்தம் வாங்குவது போல் இருவரும் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார்கள்.

நான் கூப்பிடாமல் கடை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்த தேசப்பனுக்குப் புரையேறிவிட்டது.

இரண்டு பேர் மாத்திரையையும் ஒன்றாகக் கொட்டிக் கலந்துவிட்டிருந்தார்கள். ஒன்று நிஜம், ஒன்று டம்மி என்று அவர்களே முடிவு கட்டிவிட்டார்கள். அதைச் சரிபாதியாகப் பிரித்துக்கொள்ள யோசித்து, யாருக்கு எது என்பதைத் திருவுளச்சீட்டு போடுவது மாதிரி முருகனிடமே விட்டுவிட்டார்கள். திருத்தணியில் பிறந்தவர்களுக்குத்தான் இந்த யோசனை வரும்.

"சாமி பாத்து எடுத்துக் குடுக்குது எக்கா. இதுல எங்க தப்பு இன்னா கீது?" என்றார் முனுசாமி.

"சொல்லிடாத எக்கா" என்றார் தேசப்பன். அவர் குரல் இறங்கிவிட்டது. "தெரிஞ்சா ரெண்டு பேரையும் கழட்டி உட்ருவாங்க. அப்புறம் நெச மாத்திரை எனக்கு எப்பத்தான் கெடைக்கிறது? காது குத்து வந்துகினே கீது."

அந்த இடத்தில் என் நிலைமையை நினைத்துப் பாருங்கள். சொன்னால் இவர்கள் வாய்ப்புப் போகலாம். சொல்லாவிட்டால் யார் உடம்பில் எவ்வளவு மருந்து போகிறது என்று யாருக்கும் தெரியாது. ஒருவருக்கு ஏதாவது ஆனால் எந்த மருந்தால் என்று டாக்டருக்குப் புரியாது. இந்த மாத்திரையை நாளைக்கு நம்பிச் சாப்பிடப் போகிறவர்களுக்கும் பொய்யான கணக்கு போகும். யோசிக்க எனக்கு நேரம் கொடுங்கள் என்று கேட்கத் தோன்றியது. ஆனால் நேரம் கேட்டால் அதற்குள் மனசு சமாதானம் தேடிக்கொள்ளும். எனக்கு என் மனசைத் தெரியும்.

"நான் சொல்லப் போறதில்ல" என்றேன். இருவர் முகமும் மலர்ந்தது. "நீங்களே சொல்லப் போறீங்க. இப்பவே. நான் கூட வரேன்."

மலர்ந்த முகம் சுருங்கியது. கடையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் விட்டுவிட்டு மூன்று பேரும் நடந்தோம். முனுசாமி டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். வழியில் பார்த்தவர்கள் ஏதோ பிரசாதம் கொண்டுபோகிறார் என்று நினைத்திருப்பார்கள்.

டாக்டர் முதலில் ஏன் செய்தீர்கள் என்று கேட்கவே இல்லை. காய்ச்சல் வந்ததா, வாந்தி வந்ததா, வேறு மாத்திரை ஏதாவது போட்டீர்களா என்றுதான் கேட்டார். இருவருக்கும் ரத்தம் எடுக்கச் சொன்னார். அதற்குப் பிறகுதான் திட்டினார். நன்றாகவே திட்டினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன், எனக்கும் சேர்த்துத் திட்டுவது போல் இருந்தது.

ரத்தம் எடுக்கும்போது முனுசாமியின் சட்டைக் கையை மடக்கச் சொன்னார்கள். அவர் மடக்கவில்லை. "இந்தக் கை வேணாம், அந்தக் கைல எடுங்க" என்றார். அதையும் மடக்கவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது, அவர் முழுக்கை சட்டை போட்டிருந்தார். டாக்டரே மடக்கிவிட்டார். பளிச்சென்று இருந்த முழங்கையில் செதில் திரும்ப வந்திருந்தது.

தேசப்பன் எழுந்து வந்து அந்தக் கையைப் பிடித்தார்.

"இன்னாண்ணா இது?"

"ஒண்ணுமில்லடா. பூ நார் பட்டு கீறிக்கிச்சு."

"நாரா? எனக்கு இது தெரியாதா? எப்பலேந்து?"

"இப்பதான்."

"ஏண்ணா சொல்லல?"

"சொன்னா நீ துன்ன மாட்டியேடா" என்றார் முனுசாமி. "மருமவன் காது குத்து முடியட்டும்னு பாத்தேன். எனக்கு எந்த மருமவன் கீறான்?"

தேசப்பன் அந்தக் கையை விடவே இல்லை. டாக்டர் திட்டிக்கொண்டிருந்ததைப் பாதியில் நிறுத்தினார்.

பிறகு எப்படிக் கலந்தீர்கள், எப்படி எடுத்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். முனுசாமி டப்பாவைக் குலுக்கிக் காட்டி, கண்ணை மூடிக் கும்பிடுவதையும் செய்து காட்டினார். டாக்டருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார்.

"ஐயா, நாங்களும் அதையேதான் செஞ்சோம். யாருக்கு நிஜம், யாருக்கு டம்மின்னு கம்ப்யூட்டர்ல சீட்டு போட்டுத்தான் பிரிச்சோம். நாங்க ஒரு தடவ போட்டோம். நீங்க தினமும் போட்டுட்டீங்க."

"பாத்தியா எக்கா, முற ஒண்ணுதான்" என்று முனுசாமி என்னைப் பார்த்தார்.

"ஒண்ணு இல்ல" என்று டாக்டர் மறுபடி கடுமையானார். விஷயத்தை அன்றைக்கே மேலே தெரிவித்தார். தங்களுக்கு உரிய மாத்திரையை மட்டும் தனித்தனியாகச் சாப்பிட வேண்டும், ஆராய்ச்சியில் தொடரலாமா இல்லையா என்பது பிறகு முடிவாகும் என்றார். எப்படியானாலும் காது குத்துக்குள் தேசப்பன் உடம்பு சரியாகாது என்பது எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

கிளம்பும்போது, வாசலில்தான், தேசப்பன் திரும்பி நின்று டாக்டரைக் கேட்டார்.

"மேடம், கோச்சுக்காதீங்க. வேற நல்ல மாத்திரைங்கோ கடைல கீதாமே. அப்புறம் எதுக்கு எங்களுக்கு டம்மி? புது மாத்திரையயும் பழய மாத்திரையயும் மோத உட்டுப் பாக்கலாம் இல்ல? ரெண்டுமே நெசமா இருந்தா நாங்க எதுக்கு டப்பாவக் குலுக்கப் போறோம்?"

"அதத்தான் நாங்களும் கேட்டுட்டிருக்கோம், தேசப்பன்" என்றார் டாக்டர். புது மாத்திரை முதலில் வேலை செய்கிறதா என்று பார்க்க டம்மி தேவைப்படுகிறது என்பதையும், அடுத்தடுத்த ஆராய்ச்சிகளில் மாத்திரையோடு மாத்திரையை ஒப்பிட வேண்டும் என்று பலர் சொல்லி வருவதையும் உட்கார வைத்துப் பொறுமையாக விளக்கினார். எந்த உடம்புக்கு எந்த மாத்திரை கேட்கும் என்று ஆரம்பத்திலேயே ரத்தத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா என்று தேடுவதையும் சொன்னார். பிறகு என்னிடம், "இவர் கேட்டதை அப்படியே குறிச்சுக்கோங்க" என்றார்.

தேசப்பன் இன்னும் போகவில்லை. "அதெல்லாம் வர்றப்ப வரட்டும். இது ஒட்டாதுன்னு ஊருக்குக் குடுக்க எதுனா மாத்திரை கீதா?"

டாக்டர் என்னைப் பார்த்தார். தங்கை வீட்டுக்குப் போய்ப் பேசு என்பதுதான் அந்தப் பார்வைக்கு அர்த்தம்.

மறுநாள் கே.ஜி.கண்டிகைக்குப் போனேன். துணைக்கு முனுசாமி வந்தார். தேசப்பனைக் கூட்டிப் போகவில்லை. தங்கை வீட்டில் மாமியார் அம்மா வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். கண்டிப்பான முகம். வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்தது அத்தனையும் அந்த முகத்தைப் பார்த்ததும் மறந்துவிட்டது. நானும் உட்கார்ந்து கடலை உரிக்க ஆரம்பித்தேன். கொஞ்சம் உரித்த பிறகு அந்த அம்மாவே ஆரம்பித்தார்.

"அவன் அனுப்பிச்சானா?"

"இல்லீங்க. நானாத்தான் வந்தேன். உங்களுக்கு எதுல பயம்னு கேக்கலாம்னு."

இதுவரை தன்னிடம் யாரும் இதைக் கேட்டதில்லை என்பது போல் அந்த அம்மா பார்த்தார். "பயம் இல்லாம? அப்பத்தான் மொட்ட அடிச்ச தலை, அப்பத்தான் குத்துன காது. ரெண்டும் பச்சப் புண்ணு. அவன் கைலேந்து செதில் உதுந்து அதுமேல உழுந்தா? நாளைக்கி எம் பேரனுக்கு வந்தா நீயா பதில் சொல்லுவ?"

அவர் மேல் எனக்கு இருந்த கோபம் அப்போதே போய்விட்டது. பேரன்மேல் உள்ள அக்கறையில் வந்த பயம் அது. நீங்களும் யாரையும் விவரம் தெரியாதவர் என்று நினைத்துக்கொண்டு உள்ளே நுழையாதீர்கள்.

"இதுல கிருமி எதுவும் இல்லீங்க. உழுந்தாலும் ஒட்டறதுக்கு ஒண்ணும் இல்ல" என்றேன். "நம்ப தோல் மெதுவா மெதுவா புதுசாகும். அவரு உடம்புல தோல் அவசரப்பட்டு வளருது. அந்த அவசரம்தான் செதிலா உதுருது."

"அவசரமா? அவனுக்கா?" என்றார் அந்த அம்மா. "தறிக்கே ஒரு நாளும் அவசரமாப் போனதில்லயே அவன்!"

உள்ளே இருந்து தங்கை சிரிக்கும் சத்தம் கேட்டது. முனுசாமி சட்டைக் கையை மடக்கித் தன் முழங்கையைக் காட்டினார்.

"அம்மா, எனக்கும் அதே சீக்குதான். தொத்தறதா இருந்தா எம் பொண்டாட்டிக்குத்தான் மொதல்ல வந்திருக்கணும். கல்யாணம் ஆனதுலேந்து ஒரே பாயில படுத்துகினு சண்ட போட்டுகினு கீறோம். அவளுக்கு என்னோட கோவந்தான் தொத்திச்சு, வேற ஒண்ணும் தொத்தல."

அந்த அம்மா சிரிக்கவில்லை. முனுசாமியின் முழங்கையைக் கிட்டத்தில் இழுத்துப் பார்த்தார். விரலால் தடவியும் பார்த்தார். தேசப்பனின் பாவா, அதாவது தங்கை வீட்டுக்காரர், அப்போதுதான் வயலிலிருந்து வந்து கதவோரம் நின்றிருந்தார். "மச்சான் மடி இல்லன்னா காது குத்தே வேணாம்மா" என்றார். அவருக்கும் அம்மாவிடம் பயம் என்பது நின்ற தூரத்திலேயே தெரிந்தது.

"நீ சும்மா இருடா" என்று அவரை அதட்டிவிட்டு, அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "மொட்டையில சந்தனம் பூசுவாங்க. கொழந்த தலைய அவன் கைலதான் தேய்க்கும். அவனுக்கு எரியாதா?"

அந்தக் கேள்வியைக் கேட்டதும் எனக்கு எழுந்து நின்று கும்பிடத் தோன்றியது. "கைக்கு மொதல்லயே எண்ணெய் தடவிக்கச் சொல்றேங்க" என்றேன்.

"சொல்லு. புதுத் துண்டு எடுத்துகினு வரச் சொல்லு. வெள்ளத் துண்டு வேணாம், சந்தனம் ஒட்டினா போவாது."

பிற்பாடு இருவரையும் ஆராய்ச்சியில் தொடர அனுமதித்தார்கள், கலந்து சாப்பிட்ட நாட்களைத் தனியாகக் குறித்துவைத்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் நிஜ மாத்திரை வந்த பிறகு முனுசாமிக்குப் பழையபடி பளிச்சென்று ஆனது. தேசப்பனுக்குக் கையும் முதுகும் நன்றாகிவிட்டன, தலைதான் இன்னும் பிடிவாதம் பிடிக்கிறது. ஏன் என்று டாக்டருக்கும் தெரியவில்லை. அதையும் ஒரு கேள்வியாகச் சேர்த்திருக்கிறார்கள். அடுத்து நடக்கப்போகும் ஆராய்ச்சியில் டம்மி கிடையாது, இரண்டு பக்கமும் நிஜ மாத்திரைதான். உங்களை வேலைக்கு எடுத்ததே அதற்காகத்தான். தன் டப்பாவால்தான் இது நடக்கிறது என்று முனுசாமி மலையடிவாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார். உலகத்தில் பலர் கேட்டுக் கேட்டு வந்தது என்று டாக்டர் சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

ஆனால் காது குத்திய அன்று தேசப்பன் கையில் செதில் இருந்தது. அதை மறந்துவிடாதீர்கள். ஒரு மாத்திரையும் அன்றைக்கு உதவவில்லை.

என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். மலைமேல் கூட்டம். தேசப்பன் கைநிறைய எண்ணெய் தடவிக்கொண்டு, மாம்பழ நிறத் துண்டை மடியில் விரித்து உட்கார்ந்திருந்தார். குழந்தையை மடியில் வைத்ததும் அவர் மூச்சுவிடுவதையே நிறுத்திவிட்டவர் போல் அசையாமல் இருந்தார். மொட்டை அடிக்கும்போது குழந்தை அவர் புது வேட்டியை நனைத்தது. "தங்கம், தங்கம்" என்று அதற்கும் சிரித்தார். காது குத்தும்போது பையன் மலையே அதிரும்படி கத்தினான். கத்திக்கொண்டே மாமன் முழங்கையை, செதிலோடு, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். எல்லாம் முடிந்து அம்மா கை நீட்டினால் போகவில்லை. அப்பா கூப்பிட்டார், போகவில்லை. வெல்லம் காட்டினார்கள், வெல்லத்தை வாங்கிக்கொண்டு மறுபடி அந்தக் கையையே பிடித்துக்கொண்டான்.

"இன்னா எக்கா பண்றது, எறங்க மாட்றான்" என்றார் தேசப்பன், கண்ணைத் துடைக்கக் கூடக் கை இல்லாமல்.

மாமியார் அம்மா சோற்று மூட்டையைத் தூக்கிக்கொண்டார். "உடு, அங்கயே கெடக்கட்டும். நாம்ப போய்ச் சாப்புட்டு வந்துடலாம். ஏம்மா, நீயும் வா."